ஒரே மேசையில் 13 பிள்ளைகள்

பெஞ்சமின் ஃபிராங்க்ளினை நமக்கெல்லாம் தெரியும். இடி மின்னலில் பட்டம் விட்டவர், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். அவரைப் பற்றிய கட்டுரைகளில் “மெழுகுவத்தி செய்பவரின் 17 பிள்ளைகளில் ஒருவர்” என்று ஒரு வரி வரும். அந்த வரியோடு தகப்பன் கதை முடிந்துவிடும். எனக்கோ மகனைவிட அந்தத் தகப்பன் மேல்தான் மரியாதை அதிகம்.

ஜோசையா ஃபிராங்க்ளின் 1657இல் இங்கிலாந்தின் எக்டன் கிராமத்தில் பிறந்தவர். கற்ற தொழில் சாயம் போடுவது. 1683இல் மனைவி ஆன், மூன்று பிள்ளைகளோடு பாஸ்டனுக்குக் கப்பலேறினார். கடைசிப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. போன இடத்தில் சாயத் தொழிலுக்குப் பிழைப்பில்லை. பெண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கியவர் கற்ற தொழில்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருக்க முடியுமா? மெழுகுவத்திக்கும் சவுக்காரத்துக்கும் மாறினார்.

லேசான வேலை இல்லை அது. மாட்டுக் கொழுப்பையும் ஆட்டுக் கொழுப்பையும் நறுக்கி, கொப்பரையில் உருக்கி, கசடு எடுத்து, திரியை அதில் முக்கி ஆறவிட்டு மறுபடி மறுபடி முக்க வேண்டும். சவுக்காரம் என்றால் மரச் சாம்பலிலிருந்து வடித்த காரநீரில் கொழுப்பைப் போட்டுக் காய்ச்ச வேண்டும். நாள் முழுக்க நெருப்பும் நாற்றமும்தான். 1703இல் ஜோசையாவின் 16 மாத மகன் எபினேசர் சவுக்காரத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகும் அதே தொழில்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

ஆன் பாஸ்டனில் இன்னும் நான்கு பிள்ளைகள் பெற்றார். 1689இல், கடைசிப் பிரசவத்துக்குப் பின் இறந்துவிட்டார். அந்தக் குழந்தையும் தங்கவில்லை. தாயில்லாத ஐந்து பிள்ளைகள், அணைக்க முடியாத அடுப்பு. அதே ஆண்டு நவம்பரில் ஜோசையா அபையா ஃபோல்ஜரை மணந்தார். அபையாவுக்கு வயது 22. புகுந்த வீட்டில் முதல் நாளே ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். அப்புறம் அவரே பத்துப் பிள்ளைகள் பெற்றார். பத்துக்கும் தாய்ப்பால் கொடுத்தே வளர்த்தார் என்று பெஞ்சமின் எழுதியிருக்கிறார்.

17 பேரில் நான்கு பிள்ளைகள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். மிச்சம் 13 பேரும் வளர்ந்து ஆளாகிக் கல்யாணம் கட்டினார்கள். அந்தப் 13 பேரும் ஒரே நேரத்தில் அப்பாவின் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது தனக்கு நினைவிருக்கிறது என்கிறார் பெஞ்சமின். நம் பக்கத்தில் மூத்த தாரத்துப் பிள்ளை, இளைய தாரத்துப் பிள்ளை என்று சாகும்வரை பிரித்துப் பேசும் எத்தனை வீடுகளைப் பார்த்திருக்கிறோம்! அதனால்தான் அந்த மேசையை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. விவரம் தெரிந்த நண்பர் யாரையாவது சாப்பாட்டுக்கு அழைத்து, பிள்ளைகள் காதில் விழும்படி நல்ல விஷயங்களைப் பேசுவாராம் ஜோசையா. சாப்பாட்டின் ருசி பற்றி அங்கே பேச்சே எழாது. மாலையில் வேலை முடிந்தபின் வயலின் வாசித்துப் பாடுவார். அக்கம்பக்கத்தார் தங்கள் வழக்கைத் தீர்த்து வைக்க அவரைத் தேடி வருவார்கள்.

பெஞ்சமினை எட்டு வயதில் பள்ளியில் சேர்த்தார், பாதிரியார் ஆக்கும் எண்ணத்தில். இவ்வளவு பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு கல்லூரிச் செலவு தாங்காது என்று தெரிந்ததும் மனம் மாறினார். பத்து வயதில் பையன் பட்டறைக்கு வந்துவிட்டான். திரி வெட்டினான், அச்சில் ஊற்றினான், கடையைப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. கடலுக்குப் போகத் துடித்தான். மூத்த தாரத்து மகன் ஒருவன் ஏற்கெனவே அப்படி ஓடிப்போயிருந்தான், அந்த வலி தகப்பனுக்குத் தெரியும். நம்மில் பலர் அந்த இடத்தில் கையை ஓங்கியிருப்போம். ஜோசையா பையனைக் கூட்டிக்கொண்டு தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளை வேலை செய்பவர் பட்டறைகளுக்கெல்லாம் நடந்தார். அவன் மனம் எதில் ஒட்டுகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தார். வீட்டில் அத்தனை வயிறுகள் இருக்க, ஒரு பிள்ளையின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ள நேரம் ஒதுக்கினார் பாருங்கள், இதற்குத்தான் நான் அவரைக் கும்பிடுகிறேன். கடைசியில் பெஞ்சமின் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் சேர்ந்ததும் நமக்குத் தெரிந்ததுதான்.

ஜோசையா 1745இல் இறந்தார், அபையா 1752இல். பெற்றோருக்குக் கல்லறை வாசகம் எழுதியவர் பெஞ்சமின். சொத்தோ லாபமான வேலையோ இல்லாமல், ஓயாத உழைப்பாலும் கடவுள் அருளாலும் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றி, 13 பிள்ளைகளையும் 7 பேரப்பிள்ளைகளையும் நன்றாக வளர்த்தார்கள் என்று அதில் எழுதினார். யார் வயிற்றில் பிறந்த பிள்ளை என்ற பிரிவே அதில் இல்லை. பாஸ்டனில் அந்த வாசகம் இன்றும் நிற்கிறது. பழைய கல் சிதைந்ததால் 1827இல் ஊரார் புதிதாக எழுப்பிய தூணில்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. ஆன் பெயர் அந்த வாசகத்தில் இல்லை. தன் வரலாற்றிலும் பெஞ்சமின் அவரை அப்பாவின் முதல் மனைவி என்ற அளவிலேயே சொல்லிவிட்டுப் போகிறார். கைக்குழந்தையோடு அட்லாண்டிக்கைக் கடந்து, ஆறே ஆண்டில் அந்நிய மண்ணில் பிள்ளை பெற்றுச் செத்தவர் அவர். மேசையைச் சுற்றி உட்கார்ந்த 13 பேரில் ஐந்து பேர் அவர் பெற்றவர்கள். ஃபிராங்க்ளினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஆன் சைல்டு என்ற பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.