ராணி கலருக்கு ஒரு சுவர் போதும்
படுக்கையறையின் நான்கு சுவருக்கும் ராணி கலர், அதாவது அடர் பிங்க், அடிக்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சென்னை ஃபிளாட்டில் பல அறைகள் பத்துக்குப் பத்து அடிதானே? நான்கிலும் அடித்தால் வெள்ளை சீலிங்கிலும் பிங்க் சாயல் ஏறும். எங்கள் வேளச்சேரி வீட்டில் கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் ராணி கலர் அடித்தோம், அவ்வளவு அழகு! வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், நிறம் சீக்கிரம் வெளுக்கும்.

ஷேட் கார்டை மட்டும் நம்பாதீர்கள். சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி அடித்து, நன்றாகக் காய்ந்தபின் பகலில் பாருங்கள், ராத்திரி லைட் போட்டும் பாருங்கள். மஞ்சள் பல்பில் அதே பிங்க் கொஞ்சம் செங்கல் பக்கம் சாயும். வெள்ளை எல்இடியில் நீலம் தட்டும்.

அப்புறம், ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரென்றால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பட்டி பார்க்கச் சொல்லுங்கள். அடர் நிறத்தில் உரிந்த இடம் பளிச்சென்று தெரியும்.