ஆனைக்குக் கை உண்டா?

போன வாரம் அக்கா மகளை மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கோயில் ஆனை செங்கமலத்தின் பாப் கட்டிங்கை வாய் பிளந்து பார்த்தவள், அது தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணியதும், "மாமா, ஆனை கையால தொட்டுச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர், "கை இல்லம்மா, தும்பிக்கை" என்று திருத்தினார். தும்பிக்கையிலேயே கை இருக்கே பெரியவரே!

வடமொழிக்காரர்களும் அதைக் கை என்றுதான் பார்த்திருக்கிறார்கள். ஹஸ்தம் என்றால் கை. 'இன்' விகுதி சேர்ந்தால் ஹஸ்தின், கையை உடையது, அதாவது ஆனை. எழுவாயாக வரும்போது ஹஸ்தீ. ஞானம் உடையவன் ஞானி, ரோகம் உடையவன் ரோகி, பக்ஷம், அதாவது சிறகு, உடையது பட்சி. எல்லாம் ஒரே அச்சு.

அப்படியானால் ரெண்டு கை வைத்திருக்கும் நாமெல்லாம் ஏன் ஹஸ்தி இல்லை? பாணினி இதற்கென்றே தன் வடமொழி இலக்கண நூலான அஷ்டாத்யாயியில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: 'ஹஸ்தாஜ் ஜாதௌ' (5.2.133). ஓர் இனத்தின் பெயராக வந்தால்தான் ஹஸ்தத்தோடு இந்த விகுதி. கையுள்ள மனுஷன் வெறும் ஹஸ்தவான். ரெண்டே சொல்லில் ஆனையையும் ஆளையும் பிரித்துவிட்டார். எனக்கு இலக்கணம் பிடித்துப்போனதே இந்த மாதிரி இடங்களால்தான்.

இன்னும் பின்னால் போனால், ரிக் வேதத்தில் 'மிருக' என்ற சொல்லோடு சேர்ந்து 'ஹஸ்தின்' வருகிறது. கையுள்ள விலங்கு. ஆனைக்கு நம் பழைய சொல் கைம்மா. கை, மா; மா என்றால் விலங்கு. அச்சு அசல் அதேதான்! இதில் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று டீக்கடையில் மல்லுக்கட்டுகிறார்கள். கீழே போட்ட நாணயத்தை ஆனை எடுப்பதைப் பார்த்த எவனுக்கும் கை என்றுதான் தோன்றும், காப்பி எதற்கு?

ஆனைக்குத் தமிழில் அத்தி என்றும் ஒரு பெயர் உண்டு. 'அத்தியிலிருந்துதான் ஹஸ்தி வந்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையும் நான் ஏற்கவில்லை. ஹஸ்த நட்சத்திரம் நம் வாயில் அத்தம் ஆனதுபோல ஹஸ்தி அத்தி ஆனது. இந்தியிலும் கை ஹாத், யானை ஹாத்தி. வாங்கிய சொல்லை வாங்கியது என்று சொல்வதில் என்ன குறைச்சல்? யானை, வேழம், களிறு, பிடி என்று நம்மிடம் இல்லாத சொத்தா! அவர்கள் ஆண்பால் சொல்லோடு விகுதி ஒட்டி ஹஸ்தினீ என்பார்கள். நமக்குப் பெண்ணுக்கென்றே பிடி தனிச்சொல், தொல்காப்பிய மரபியல் காலத்திலிருந்து.

கரி மட்டும் சிக்கல். கரம் உடையதால் கரி என்பது வடமொழிக் கணக்கு, கறுத்திருப்பதால் கரி என்பது நம் கணக்கு. ரெண்டும் பொருந்துகிறது, விட்டுவிடுவோம். கஜம் என்ற சொல்லுக்கு டெல்டாவில் அகராதி வேண்டாம். 2018 நவம்பர் 16இல் கஜா புயலில் விழுந்த தென்னைகளைக் கேட்டாலே போதும்.

இதையெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கைன்னா, ஆனைக்கு மூக்கு எங்க மாமா?" என்றாள். அதுவேதான் மூக்கும் என்றேன். நம்பவில்லை.