தூண்களுக்குத் திட்டம் இருக்கிறது, பஸ்ஸுக்கு எங்கே?

சென்னையில் காலை எட்டரை மணிக்கு ஏதாவது ஒரு நிறுத்தத்தில் நின்று பாருங்கள். அரை மணி நேரம் நீங்கள் எதிர்பார்க்கும் பஸ் வராது. பிறகு ஒரே எண் போட்ட மூன்று பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக வரும். முதல் வண்டியில் படிக்கட்டில்கூட இடம் இருக்காது, மூன்றாவது பாதி காலியாக இருக்கும். நிற்பவர்கள் ஓட்டுநரைத் திட்டுவார்கள், ஓட்டுநர் திருப்பித் திட்டுவார். இது நாள் தவறாமல் நடக்கிறது. இதே நகரத்துக்கு 25 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் இருக்கிறது, 63,246 கோடி ரூபாய்க்கு மெட்ரோ இரண்டாம் கட்டம் நடக்கிறது, கையில் செயலி இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் மட்டும் இல்லை.

மூன்று பஸ் சேர்ந்து வருவதற்கு ஓட்டுநரின் திமிர் காரணமல்ல, கணக்குதான் காரணம். 10 நிமிட இடைவெளியில் பஸ் விடுகிறார்கள், நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பேர் ஏற வேண்டும். ஆளுக்கு 3 விநாடி என்றால் ஒரு நிமிடம். சிக்னலில் மாட்டி ஒரு பஸ் 4 நிமிடம் தாமதமானால், அதற்காக 28 பேர் காத்திருப்பார்கள், ஏற 84 விநாடி ஆகும். நேரத்துக்கு வரும் பின் வண்டிக்கோ 12 பேர்தான், 36 விநாடி. ஒரே நிறுத்தத்தில் இரண்டுக்கும் நடுவே 48 விநாடி சுருங்கிவிட்டது. அடுத்தடுத்த நிறுத்தங்களில் இது இன்னும் வேகமாகச் சுருங்கி, ஆறேழு நிறுத்தங்களுக்குள் பின் வண்டி முன் வண்டியை முட்டிக்கொண்டு நிற்கும்.

இதைத் தடுக்கும் வழிகள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. தடத்தின் கடைசியில் ஓடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது ஓய்வு நேரமாக விட வேண்டும். தாமதமாக வந்த வண்டியும் அடுத்த டிரிப்பை நேரத்துக்கு எடுக்க முடிவது அதனால்தான். நடுவில் ஓரிரு இடங்களில் நேரக் காப்பாளர் வண்டியை ஒரு நிமிடம் பிடித்து, இடைவெளியைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும்விட, சாலையின் இன்றைய வேகத்தை வைத்து ஓடும் நேரத்தைத் திருத்தி எழுத வேண்டும். சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகர வேலி அடைத்து பாதி வழியை எடுத்துக்கொண்ட பிறகும், பழைய நேரத்தையே ஷெட்யூலில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னால் என்ன ஆகும்? ஓட்டுநருக்குச் சிறுநீர் கழிக்கக்கூட நேரம் இருக்காது. கடைசி டிரிப் ரத்தாகும். இரவு ஒன்பதரைக்கு நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்த ரத்து பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கணக்கு. இதை ஒவ்வொரு அதிகாரியின் மேசையிலும் ஒட்டி வைக்க வேண்டும். 20 கி.மீ. தடம், சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. போக 100 நிமிடம், வர 100 நிமிடம், இரு முனையிலும் ஓய்வு 20 நிமிடம், மொத்தம் 220 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 22 பஸ் தேவை. வேகம் 15 கி.மீ. ஆனால் சுற்று 180 நிமிடம், 18 பஸ் போதும். வேகம் மணிக்கு 3 கி.மீ. கூடியதிலேயே 4 பஸ், அதற்கான ஓட்டுநர், நடத்துநர், டீசல் அத்தனையும் மிச்சம். அந்த 4 பஸ்ஸையும் அதே தடத்தில் விட்டால் எட்டு நிமிடத்துக்கு ஒன்று வரும்! ஒரு தடத்துக்கே இவ்வளவு. பஸ்ஸுக்குத் தனிப்பாதை கேட்பது பஸ் பயணிக்குச் சலுகை கேட்பது அல்ல, அரசின் சொந்தப் பணத்தைக் காப்பாற்றச் சொல்வது.

ஆனால் தனிப்பாதை என்றாலே "இடமில்லை" என்கிறார்கள். எங்கே இடமில்லை? பழைய மாமல்லபுரம் சாலையை ஆறு வழியாக்கி 2008இல் திறந்தபோது இடம் இருந்ததே. ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக வரப்போகின்றன என்று தெரிந்தே போட்ட சாலை அது. ஒரு பக்கத்துக்கு மூன்று வழி, அதில் ஒன்றை முதல் நாளே பஸ்ஸுக்கென்று கோடு போட்டிருந்தால், இன்று பிடுங்க வேண்டிய தேவையே வந்திருக்காது. சாலையை எல்லாருக்கும் திறந்துவிட்டு, கார்கள் நிரம்பிய பிறகு இடம் கேட்டால் யார் தருவார்கள்? ஒரு வழியில் நிமிடத்துக்கு ஒரு பஸ் போனால், பஸ்ஸுக்கு 60 பேர் வீதம் மணிக்கு 3,600 பேர் போவார்கள். அதே வழியில் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு கார் போனாலும், காருக்கு ஒன்றரை ஆள் வீதம் 2,250 பேர்தான். சாலையின் அகலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஆள் கணக்கில் பேசட்டும், வண்டிக் கணக்கில் பேச வேண்டாம்.

அடுத்து பஸ் எண்ணிக்கை. ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் என்பது மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகமே வைத்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் சென்னைப் பெருநகரத்தில் இருந்தவர்கள் 86 லட்சத்துக்கும் மேல். அந்தப் பழைய எண்ணிக்கைக்கே 5,000க்கும் மேல் பஸ் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் பல ஆண்டுகளாக இருப்பதோ மூவாயிரத்துச் சொச்சம். அதிலும் பழுதுக்கு நிற்பவை போகத்தான் ரோட்டுக்கு வரும். நகரப் பஸ் ஒன்றின் உழைக்கும் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. ஆக, ஆண்டுக்கு 300 பஸ் வாங்கினால் இருக்கிற இடத்திலேயே நிற்கலாம், அவ்வளவுதான். ஒரு ஆண்டு வாங்காமல் விட்டால் அந்த ஓட்டை அடுத்த பத்து ஆண்டுக்குத் தொடரும். 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரலில் வந்தபின், பழசை ஒட்டுப்போட்டு ஓட்டும் வழியும் குறுகிவிட்டது. "500 புதிய பஸ்கள்" என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை கழிகின்றன? நிகரம் எவ்வளவு?

பஸ் வாங்கினால் மட்டும் போதாது. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், வார ஓய்வு, விடுப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ்ஸுக்கு இரண்டரை ஓட்டுநராவது வேண்டும். ஆள் எடுக்காமல் பஸ் மட்டும் வாங்கினால் அது டெப்போவில் நிற்கும். மின்சாரப் பஸ் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். 2025 ஜூனில் வியாசர்பாடியிலிருந்து ஓடத் தொடங்கிய தாழ்தள மின்சாரப் பஸ்கள் மனதார வரவேற்க வேண்டியவை. 900 மி.மீ. உயரத் தளத்துக்கு ஏற முடியாத முதியவர்களும், சக்கர நாற்காலியில் வருபவர்களும் 400 மி.மீ. தளத்தில் ஏற முடிகிறது. ஏறும் நேரமும் குறைகிறது, மேலே சொன்ன 3 விநாடிக் கணக்கு இதனாலும் மாறும். ஆனால் 100 மின்சாரப் பஸ், நாளுக்கு 200 கி.மீ., கி.மீ.க்கு 1.2 யூனிட் என்றால் இரவுக்கு 24,000 யூனிட். ஆறு மணி நேரத்தில் ஏற்ற 4 மெகாவாட் மின் இணைப்பு வேண்டும். அதற்குத் துணைமின் நிலையத்திலிருந்து உயரழுத்தக் கேபிள், டெப்போவில் மின்மாற்றி, சார்ஜர்களுக்கு இடம், மழைநீர் தேங்காத தரை எல்லாம் பஸ் வருவதற்கு முன்பே தயாராக வேண்டும். டிசம்பர் மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் டெப்போவில் சார்ஜரை எங்கே வைப்பது என்று இப்போதே யோசிக்க வேண்டாமா?

திட்டமிடல் தவறினால் மனிதர்கள் என்ன படுகிறார்கள் என்பதற்குக் கிளாம்பாக்கம் போதும். 2023 டிசம்பர் 30இல் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. முனையத்துக்கு எதிரே ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நடை மேம்பாலமும் இல்லை. மின்சார ரயில் பிடிக்க வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்டி, பை, கைக்குழந்தையோடு மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து இறங்குபவர்கள் என்ன செய்வார்கள்? ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். மாற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் நிலையம், பிறகு நடைபாலம், பிறகு நகரப் பஸ் இணைப்பு, கடைசியில் முனையம் என்ற வரிசையைத் தலைகீழாக்கியதுதான் குற்றம். 2002இல் திறந்த கோயம்பேட்டுக்கு மெட்ரோ வந்தது 2015இல். அந்தப் பதின்மூன்று ஆண்டு அனுபவத்திலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

பறக்கும் ரயிலை நினைத்தால் வயிறு எரிகிறது. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை. பக்கிங்காம் கால்வாய் மேல் தூண் நட்டு, கோட்டை போன்ற நிலையங்களைக் கட்டி, அவற்றில் பெரும்பகுதியை இருட்டில் விட்டார்கள். நிலையத்துக்குள் பஸ் வந்து திரும்ப வழி இல்லை. வேளச்சேரியில் ரயிலை விட்டு இறங்கி விஜயநகர் பஸ் நிலையத்துக்குப் போக ஷேர் ஆட்டோ வேண்டும். அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கி.மீ. நீட்டிப்பு 2008இல் தொடங்கியது. சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கில் ஆண்டுக்கணக்கில் நின்றது. 2024 ஜனவரியிலும் கட்டுமானத்திலேயே இருந்தது, அந்த மாதம் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்த இணைப்பு 2010வாக்கில் முடிந்திருந்தால், தாம்பரம் பக்கத்திலிருந்து தரமணிக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் கிண்டி, வேளச்சேரி நெரிசலில் சிக்காமல் இருந்திருப்பார்கள். நிலம் முழுதும் கைக்கு வராமல் தூண் நடக் கூடாது என்ற அடிப்படைப் பாடத்துக்கு இந்த நகரம் கொடுத்த விலை இது. போதாக்குறைக்கு, நான்காவது ரயில் பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். பாதை வேண்டியதுதான். ஆனால் ஓர் ஆண்டுக்கும் மேல் ரயிலை நிறுத்தினால், அந்தப் பயணிகள் அத்தனை பேருக்கும் மாற்றுப் பஸ் எத்தனை, எந்த நிமிடத்துக்கு ஒன்று என்பதும் அதே திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் யாரைப் போய்க் கேட்பது? பஸ் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயிடம். மெட்ரோ, மத்திய மாநில அரசுகள் பாதிப் பாதி பங்கு வைத்த தனி நிறுவனம். சாலையில் ஒரு துண்டு மாநகராட்சிக்கு, ஒரு துண்டு நெடுஞ்சாலைத் துறைக்கு. நிழற்குடை கட்டுவது ஒருவர், நிறுத்தம் எங்கே என்று முடிவு செய்வது போக்குவரத்துக் காவல்துறை. அதனால்தான் பல இடங்களில் நிழற்குடை ஓர் இடத்திலும் பஸ் நிற்பது 50 மீட்டர் தள்ளியும் இருக்கிறது. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம். இப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொன்னது 2006இல். இங்கே சட்டம் போட்டது 2010இல். நடைமுறைக்கு வந்தது 2019இல். ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டு! ஒரே செயலியில் பஸ், ரயில், மெட்ரோ டிக்கெட் 2025இல் வந்தது நல்லதுதான். ஆனால் டிக்கெட் ஒன்றானால் போதாது. கடைசி மெட்ரோ வந்து நின்ற ஐந்தாவது நிமிடம் வெளியே பஸ் புறப்பட வேண்டும். நேர அட்டவணை ஒன்றாகாத வரை ஒருங்கிணைப்பு என்று சொல்லக் கூடாது. அட்டவணையை மாற்ற உத்தரவிடும் அதிகாரமும், தனக்கென்று பணமும் கும்டாவுக்குக் கொடுக்காமல் அதனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

மெட்ரோ வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை. 118.9 கி.மீ. இரண்டாம் கட்டம் வரட்டும், சீக்கிரம் வரட்டும். ஆனால் கி.மீ.க்கு 530 கோடிக்கு மேல் செலவழிக்கும்போது, ஒரு மின்சாரப் பஸ்ஸை ஒன்றரைக் கோடி என்று வைத்தால், ஒரே கி.மீ. பணத்தில் 350 பஸ் வாங்கலாம் என்பதையாவது மனதில் வையுங்கள். நிலையத்துக்கு வந்து சேர முடியாதவருக்கு அந்த ரயிலால் பயன் இல்லை. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கையே ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி 5 கி.மீ. வரை இணைப்பு வசதி வேண்டும் என்கிறது. நடைபாதை இன்னும் மோசம். குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் என்பது, சாலைகளுக்கான தரத்தை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதி. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவழிப்போம் என்று சென்னை மாநகராட்சி கொள்கை வெளியிட்டது 2014இல். பாண்டி பஜாரில் 2019இல் செய்து காட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் மின் இணைப்புப் பெட்டியும், பாதி மூடிய மழைநீர் வடிகாலும், ஏற்றி நிறுத்திய பைக்கும்தான்.

பெருநகர எல்லையை 2022இல் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரித்துவிட்டார்கள். மூன்றாவது பெருந்திட்டம் எழுதப்படுகிற காலம் இது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை என்றால் 10 விழுக்காடு இடத்தைத் திறந்தவெளிக்கு ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதேபோல ஒவ்வொரு பெரிய குடியிருப்புப் பகுதிக்கும் பஸ் திரும்ப, நிற்க, இரவு தங்க இடம் ஒதுக்காமல் அனுமதி தரக் கூடாது என்று எழுதுங்கள். டெப்போ தூரமாக இருந்தால் பஸ் காலையில் காலியாகவே பத்துப் பதினைந்து கி.மீ. ஓடி வந்து சேர வேண்டும், திரும்பவும் காலியாகப் போக வேண்டும். நிலம் மலிவாக இருக்கும் இன்றே ஒதுக்காவிட்டால், 2040இல் அங்கே டெப்போ கட்ட ஒரு ஏக்கர்கூடக் கிடைக்காது. வீடு வந்து, ரோடு வந்து, ஆளுக்கொரு பைக்கும் வந்த பிறகு அந்தக் குடும்பத்தைத் திரும்பவும் பஸ்ஸில் ஏற்ற முடியாது.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குக் கோடிகள் வேண்டாம். இன்று எந்தத் தடத்தில் எத்தனை டிரிப் போட்டார்கள், எத்தனை ஓடின, எத்தனை ரத்தாயின, ஏன் என்ற கணக்கு ஒவ்வொரு டெப்போவிலும் நாள்தோறும் எழுதப்படுகிறது. தடம் வாரியாக அதை மாதம் ஒருமுறை மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.