ட்ரெய்லருக்கே ஒரு ட்ரெய்லர்

நேற்று ராத்திரி யூடியூபில் ஒரு ஹாலிவுட் ட்ரெய்லரைத் தட்டினேன். முதல் ஐந்து விநாடிக்குள் வெடி, அலறல், கார் உருளல் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம்தான் ‘ட்ரெய்லர் ஆரம்பம்’ என்று எழுத்து வருகிறது! நம் விரல் ஸ்கிப் பட்டனுக்குப் போவதற்குள் ஆளை அமுக்கிவிட வேண்டுமாம்.

மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பியானோ, சிரிக்கிற குடும்பம், பிறகு ஏதோ ஆபத்து. பழைய பாப் பாட்டு ஒன்றை யாரோ இழுத்து இழுத்துப் பாடுவார்கள். (2010-ல் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ ட்ரெய்லரில் பெல்ஜியத்துப் பெண்கள் கோரஸாக ‘க்ரீப்’ பாடியபோது எனக்குப் புல்லரித்தது நிஜம். அதற்காக எல்லோருமா?) ‘ப்ராம்’ என்று ஒரு அடி. திரை இருட்டு. டைட்டில். டைட்டிலுக்கு அப்புறம் ஒரு கடி ஜோக்.

இதெல்லாம் தாளிப்பு, போகட்டும். கதையையே கொட்டிவிடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. ‘காஸ்ட் அவே’யில் தீவில் மாட்டிக்கொண்ட டாம் ஹாங்ஸ் ஊர் திரும்புவது ட்ரெய்லரிலேயே இருக்கிறது. 2015-ல் வந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ தன் பெரிய திருப்பத்தையே ட்ரெய்லரில் போட்டு உடைத்தது. அதன் இயக்குநரே வருத்தப்பட்டார்.

1960-ல் ‘சைக்கோ’ என்ற கொலைப் படத்துக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் என்ன செய்தார் தெரியுமா? ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற ட்ரெய்லர். படத்திலிருந்து காட்சி எதுவும் கிடையாது. கோட்டு சூட்டோடு மனிதர் அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார், வீடு விற்க வந்த புரோக்கர் மாதிரி. மாடிப்படியில் நின்று கொலையை விவரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தைச் சுளித்து நிறுத்திக்கொள்கிறார். சுவரில் ஒரு படம். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால்... என்று இழுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். குளியலறையில், எல்லாம் கழுவித் துடைத்துவிட்டார்கள், ரத்தத்தை நீங்கள் பார்த்திருக்கணுமே என்கிறார். கொலை நடந்த இடம் வரை கூட்டிப்போய்விட்டார், ஆனால் நமக்கு ஒன்றுமே தெரியாது!

கடைசியில் ஷவர் திரையைச் சடாரென்று விலக்குகிறார். ஒரு பெண் அலறுகிறாள். அது விக் வைத்த நடிகை வேரா மைல்ஸ். படத்தில் அந்த ஷவரில் நிற்பது அவர் இல்லவே இல்லை.

யார் என்று கேட்காதீர்கள். படம் வந்து 60 வருஷத்துக்கு மேல் ஆச்சு, இருந்தாலும் என் வாயிலிருந்து வராது.