பெரிய வெள்ளியும் நண்டுக்கூழும்

(கிளிநொச்சிப் பக்கம், பல ஊர்ச் சனம் வந்து குடியேறின ஒரு கத்தோலிக்கப் பங்கு. கோயில் குசினி.)

பாக்கியம்: சூசையண்ணை, சிலுவைப்பாதை முடிய 200 பேருக்குக் கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி 10 கிலோ, வறுத்த பயறு 2 கிலோ, தேங்காய் 20. எழுதுங்கோ.

சூசை: கஞ்சியோ? கரையூர்ச் சனம் ஒடியல் கூழ் கேக்குது, தங்கச்சி. காயவைச்ச பனங்கிழங்கு மா 8 கிலோ காணும்.

பாக்கியம்: மா மட்டுமோ?

சூசை: மரவள்ளி, பலாக்கொட்டை, பயத்தங்காய்... (குரலைத் தாழ்த்தி) நண்டு, இறால், மீன்தலை, கணவாயும் கொஞ்சம்.

பாக்கியம்: இது ஒறுத்தலோ, கலியாண வீடோ?

சூசை: திருச்சபை விலக்கினது இறைச்சியை. நண்டு இறைச்சியே? உபவாசமும் 18 வயசில இருந்து 59 மட்டுந்தான்.

பாக்கியம்: உங்களுக்கு?

சூசை: போன மாசம் 61.

பாக்கியம்: அதுதானே பாத்தன்! ஒடியல் மாவை ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை ரெண்டு மூண்டு தரம் ஊத்தி மாத்தவேணும். இல்லாட்டிக் கசக்கும். உங்கட ஆக்கள் அவசரப்பட்டுப்போட்டு, "பெரிய வெள்ளிக்குக் கசப்புத்தானே பொருத்தம்" எண்டுவினம்.

சூசை: கிழங்கும் கொட்டையும் அவிய, பிறகு நண்டு, மீன். கரைச்ச மா கடைசியில. அது விழுந்தாப் பிறகு அகப்பை நிக்கப்படாது, நிண்டால் கட்டி படும். ஆற ஆற இறுகும், அதால தண்ணிப் பதத்தில இறக்கவேணும். எல்லாம் தெரியும்!

பாக்கியம்: கஞ்சிக்கு மட்டும் நுணுக்கம் இல்லையோ? பயறு அரை அவியலுக்குப் பிறகுதான் அரிசி. முதற்பாலை அடுப்புத் தணிய விடவேணும், கொதியில விட்டால் திரையும். இதுக்குள்ள 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தால வந்த சனம் ரொட்டியும் சம்பலும் கேக்குது.

சூசை: பாத்தீரே, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஊர் வாய்.

பாக்கியம்: மடு மாதாவே சுரூபமாய் 1670இல மாந்தையில இருந்து மடுவுக்கும், 2008இல மடுவில இருந்து தேவன்பிட்டிக்கும் இடம்பெயர்ந்தவ. போன இடத்தில சாப்பாட்டுக்குச் சண்டை பிடிச்சவவோ?

சூசை: அவவுக்கு ஆர் நண்டு காட்டினது!

பாக்கியம்: சரி, வெள்ளிக்குக் கஞ்சி. உங்கட கூழை உயிர்ப்பு ஞாயிறில காய்ச்சுவம்.

சூசை: என்ன கதை கதைக்கிறீர்! ஞாயிறு ஆட்டிறைச்சி இருக்கேக்க நண்டை ஆர் திரும்பிப் பாக்கிறது?