ஃபெரோஸ் காந்தி 'ஃபெரோஸ் கான்' அல்ல

இந்திரா காந்தியின் கணவர் ஃபெரோஸின் அசல் பெயர் 'ஃபெரோஸ் கான்', மகாத்மா காந்தி அவரைத் தத்தெடுத்துப் பெயர் கொடுத்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய்.

1912-இல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை ஜஹாங்கீர், கப்பல் பொறியாளர். குடும்பப் பெயர் 'காண்டி'. அதன் ஆங்கில எழுத்துகளைத்தான் ஃபெரோஸ் பின்னாளில் 'காந்தி' என மாற்றிக்கொண்டார். தத்தெடுப்பு எதுவும் நடக்கவில்லை.

பெயரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் அவருடைய நாடாளுமன்றப் பணியை மறந்துவிடுகிறார்கள். 1952, 1957 தேர்தல்களில் ரேபரேலி வட்டாரத்திலிருந்து மக்களவைக்கு வந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் கொட்டப்பட்டதை, ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்துகொண்டே அவையில் போட்டு உடைத்தார். அப்போது பிரதமர் அவருடைய மாமனார் நேரு! 1958-இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நம்மூர்க்காரர்தான், பதவி விலக நேர்ந்தது.