ரோடு வந்தால் எங்கள் மலை கெட்டுப்போய்விடுமா?

எங்கள் மலையில் ரோடு போடுவதைப் பற்றி ஒரு தம்பி எடுத்துப் போட்ட வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், "உங்க ஊர்தானே, பாரு" என்று. பார்த்தேன். முழுதாக இரண்டு தடவை பார்த்தேன். ஜேசிபி மண்ணை வெட்டுகிறது, பின்னால் சோகமாகப் புல்லாங்குழல், அதற்கு மேல் அந்தத் தம்பியின் குரல்: "நாகரிகம் தொடாத ஒரு மலையும் போச்சு மக்களே." கீழே வரிசையாக அழுகிற பொம்மைகள். "பாவம், அவங்களாவது நிம்மதியா இருந்தாங்க, அதையும் கெடுத்துட்டாங்க" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அதற்கு என் கூட வேலை பார்ப்பவர்களே இரண்டு பேர் லைக் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் நிம்மதியாக இருந்தோம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் போதமலை. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். அடிவாரத்தில் வடுகத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் கல்லும் முள்ளுமாக ஏற்றம். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஊழியர்கள் நடந்து ஏறுகிற படம் பேப்பரில் வருமே, அந்த மலைதான். ஓட்டுப்பெட்டி ஏறியது, இறங்கியது. எத்தனையோ தேர்தல் போயிற்று, ரோடு மட்டும் வரவில்லை. இப்போதுதான் 139 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வேலை தொடங்கினார்கள். அந்த ஜேசிபி சத்தத்துக்காக எங்கள் பெரியப்பா காலத்திலிருந்து மனு எழுதினோம். உங்களுக்கு அந்தச் சத்தம் சோகமாகக் கேட்கிறது. எங்கள் அம்மா போனை அந்தப் பக்கம் நீட்டி, "கேக்குதா, கேக்குதா" என்றார்.

எனக்கு அப்போது பதினோரு வயது. சின்னம்மாவுக்கு முதல் பிரசவம். ராத்திரி எட்டு மணிக்கு வலி எடுத்தது. ஊரில் இருந்த பாட்டி பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, கீழே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி டோலி செய்தார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற இன்னும் நான்கு பேர். நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். மழை பெய்து பாறையெல்லாம் வழுக்கியது.

இன்றைக்கும் என்னால் மறக்க முடியாதது, சின்னம்மா கத்தவே இல்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டிருந்தார். டோலி தூக்கியவர்கள் மாமனாரும் கொழுந்தனார்களும். அவர்கள் முன்னால் எப்படிக் கத்துவது என்ற வெட்கம். பாதி வழியில் சுமை இறக்கி வைக்கிற பாறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் பிள்ளை பிறந்தது. அழவில்லை. ஆண் பிள்ளை.

விடிகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி: "ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வர்றீங்க? அறிவில்லையா?" என் சித்தப்பா பதில் சொல்லாமல் நின்றார். அவர் தோள் தோல் உரிந்து, சட்டையில் ரத்தம் ஒட்டியிருந்தது. அது அந்த அம்மாவின் கண்ணில் படவில்லை.

நான் நர்ஸ் ஆனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். இத்தனை வருடத்தில் மலையிலிருந்து வந்த யாரிடமும் ஏன் லேட் என்று நான் கேட்டதே இல்லை.

இப்போது சொல்லுங்கள், எந்த நிம்மதியை ரோடு கெடுத்துவிட்டது?

காடு அழியும் என்கிறீர்கள். காட்டைப் பற்றி எங்களிடமே பேசுகிறீர்கள், சரி, பேசுவோம். 2006 வன உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், ரோடு என்று 13 வகை வசதிகளுக்கு வன நிலத்தை எடுக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். எல்லா ரோட்டையும் இந்த அளவுக்குள் அடக்கிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் காட்டையும் வைத்துக்கொண்டு மனுஷனையும் வாழவைக்க வழி யோசிக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லேயே ரயில் ஏறிவிட்டது. 1908-ல் ஊட்டி வரைக்கும் போய்விட்டது. வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்கு ஒதுங்குவதற்கு மலையைக் குடைந்து, தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்தார்கள். அதை இன்று பாரம்பரியச் சின்னம் என்று குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கிறோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அதில் பைக் ஓட்டி வீடியோ போட்டதும் இதே தம்பிதான். அங்கே ரோடு அழகு. இங்கே மட்டும் ரோடு அழிவா?

அப்புறம், "கஷ்டமாக இருந்தால் கீழே வந்து குடியேறலாமே" என்று ஒருவர். எங்கே, உங்கள் வீட்டு மாடியிலா? மேலே எங்களுக்கு நிலம் இருக்கிறது, சாமி இருக்கிறது, செத்தவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது. சாமையும் ராகியும் விளைகிறது. கீழே வந்தால் என் அப்பா கூலி. அவ்வளவுதான். "கர்ப்பிணிகள் எட்டாம் மாதமே கீழே வந்து தங்கிக்கொள்ளலாம்" என்கிறீர்களே, அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, ஐந்து ஆடு, படுத்த படுக்கையாக மாமியார். ஒன்றரை மாதம் அங்கே யார் அடுப்புப் பற்றவைப்பது? இது எதுவும் அந்தக் கமெண்டில் வராது.

ரோடு வந்தால் வெளியாட்கள் நிலத்தை வாங்கி ரிசார்ட் கட்டுவார்கள் என்று ஒரு நண்பர் பொறுமையாக எழுதியிருந்தார். இது நியாயமான பயம். எனக்கும் இருக்கிறது. ஏற்காட்டைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். அதற்குப் பழங்குடி நிலத்தைக் காப்பாற்ற நடவடிக்கை கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ரோட்டை நிறுத்தி நிலத்தைக் காப்பாற்றுகிறேன் என்றால், அதற்கான விலையை எங்கள் வீட்டுப் பெண்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியிலேயே இறக்கிவிட்டுவிட்டது. அந்தத் தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மலையில் நடந்தார். அன்றைக்கு எல்லோரும் அழுதீர்கள். நானும் பார்த்தேன், இதே ஆட்கள்தான். இன்றைக்கு ஜேசிபியைப் பார்த்தும் அழுகிறீர்கள். நாங்கள் எதைத்தான் செய்வது?

"நடந்து நடந்தே எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள்" என்று வீடியோவில் ஒரு இடம் வருகிறது. என் அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பலாப்பழத்தையும் மிளகையும் தலையில் சுமந்து கீழே கொண்டுபோய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். விலை படியவில்லை என்றால் மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டா வர முடியும்? அது வியாபாரிக்கும் தெரியும். கூலி இல்லாமல் சுமந்த சுமைக்குப் பெயர் ஆரோக்கியமா?

அந்த வீடியோவில் களி கிண்டிப் போடுகிறாரே ஒரு அம்மா, அவர் என் பெரியம்மா. "நீங்க சந்தோஷமா இருக்கீங்களாம்மா?" என்று கேமராவை முகத்துக்கு நேராக நீட்டினால் அவர் சிரிக்கத்தான் செய்வார். கூச்சம். வெளியாள் யார் வந்தாலும் அப்படித்தான் சிரிப்பார். அதைப் பிடித்துவைத்து, "கள்ளம் கபடமில்லாத இந்தச் சிரிப்பு இனி இருக்குமா" என்று எழுதிப் போடுகிறீர்கள். அவர்தான் போன பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று, ரோட்டைப் போட்டுவிட்டு அப்புறம் ஓட்டுக் கேட்க வா என்று சண்டை போட்டவர். அதை யாரும் எடுக்கவில்லை.

வீடியோ எடுத்துவிட்டு இறங்கும்போது அந்தத் தம்பியின் நண்பருக்குக் கால் பிசகிவிட்டது. எங்கள் பையன்கள் நான்கு பேர் அதே மூங்கில் கழியில் போர்வை கட்டி, அடிவாரம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் விட்டார்கள். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. இதை நான் ஊரிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், வீடியோவில் இல்லை.

ஹாஸ்டலில் என்னைக் "காட்டுக்காரி" என்று கூப்பிட்டபோது கூட இவ்வளவு வலிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகள். இவர்கள் படித்தவர்கள், எங்கள் மேல் அன்பு வைத்திருப்பதாகச் சொல்கிறவர்கள். எங்களை அப்படியே வைத்திருந்து, லீவு கிடைக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

எனக்கு இன்று நைட் டியூட்டி. காலையில்தான் கமெண்டுகளைப் படிப்பேன். ரோடு வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். கூடவே உங்கள் வீட்டு வாசலிலிருந்து பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் எழுதுங்கள்.